கஃபீனை 243-இல் அளக்காதீர்கள்

கேள்வி: பாராசிட்டமாலும் கஃபீனும் சேர்ந்த மாத்திரையை யூவி நிறமாலைமானியில் (ஒவ்வொரு அலைநீளத்திலும் புற ஊதா ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வளைவாகக் காட்டும் கருவி) அளக்கிறேன். இரண்டின் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால், முதல் வகைக்கெழு எடுத்து, பாராசிட்டமாலின் உச்சமான 243 நானோமீட்டரில் கஃபீனைக் கணக்கிட்டேன். இருக்க வேண்டிய கஃபீனில் ஒரு நாள் 88 சதவீதம் வருகிறது, மறுநாள் 112. நான்காம் வகைக்கெழு வரை போகும் மென்பொருளை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கருவி விற்ற முகவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு மென்பொருளில் இல்லை, நீங்கள் பிடித்த 243-இல் இருக்கிறது.

முதல் வகைக்கெழு என்பது வளைவின் சரிவு, அவ்வளவுதான். உச்சியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால் 243-இல் பாராசிட்டமாலின் பங்கு சுழி, மிச்சம் வருவது கஃபீன். இதுவரை உங்கள் கணக்கு சரி. இப்போது கஃபீன் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த தூய கஃபீன் கரைசலை) தனியாக ஓட்டிப் பாருங்கள். 273-இல் உச்சம், 245-ஐ ஒட்டிப் பள்ளம். பள்ளத்தின் அடியிலும் சரிவு கிடையாதே! நீங்கள் அளந்தது பெரும்பாலும் இரைச்சல்தான். போதாததற்கு, பரவலாக உள்ள கலவையில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், கஃபீன் வெறும் 65. அலைநீளம் இம்மி நகர்ந்தாலும் பெரியவர் கசிந்து வந்து சின்னவரின் கணக்கைக் கெடுத்துவிடுவார்.

273 கஃபீனின் உச்சி என்பதால் அங்கே அதன் சரிவு சுழி, பாராசிட்டமாலோ நல்ல இறக்கத்தில் இருக்கும். பாராசிட்டமாலை அங்கே அளங்கள். கஃபீனுக்கு, இரண்டு ஸ்டாண்டர்டின் இரண்டாம் வகைக்கெழுவையும் (சரிவின் சரிவையும்) ஒரே வரைவில் போட்டு, பாராசிட்டமால் சுழியைக் கடக்கும் இடங்களில் கஃபீன் எங்கே உயர்ந்து நிற்கிறது என்று தேடுங்கள். ஒன்று சுழியாக இருந்தால் போதாது, மற்றது பெரிதாகவும் இருக்க வேண்டும். இந்தப் பாதி விதியை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டத்தை என்ன சொல்ல!

முகவரின் நான்காம் வகைக்கெழு விஷயத்துக்கு வருவோம். உறிஞ்சல் பட்டையின் (வளைவில் உள்ள மேட்டின்) அகலம் பாதியானால் முதல் வகைக்கெழுவில் அதன் உயரம் 2 மடங்கு, இரண்டாவதில் 4, நான்காவதில் 16. கூர்மையானதுதான் வளரும். உங்கள் இரண்டு மருந்துகளின் பட்டைகளும் அகலமானவை. இரைச்சலைவிடக் கூர்மையானது அந்த வரைவில் எதுவும் இல்லை, ஆகவே வளரப்போவது அதுதான். அதை மறைக்க, 1964-இல் சாவிட்ஸ்கியும் கோலேயும் கொடுத்த ஸ்மூத்திங்கை (இரைச்சலைத் தேய்த்துச் சீராக்கும் கணக்கை) அகலமாகப் போட்டு, வழவழவென்று ஒரு வளைவைக் காட்டுவார்கள். அதில் உண்மையான சிகரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். ஸ்டாண்டர்டுக்கும் மாதிரிக்கும் ஒரே ஸ்மூத்திங், ஒரே ஸ்லிட் (ஒளி நுழையும் பிளவு), ஒரே ஸ்கேன் வேகம் வையுங்கள். குறிப்பேட்டில் எழுதியும் வையுங்கள். இதை எழுதாத கட்டுரைகளையும் ஆய்விதழ்கள் சளைக்காமல் அச்சிடுகின்றன.

கருவியைச் சோதிக்க, மெத்தனாலில் 0.02 சதவீத டொலுயீன் போதும். இரண்டாம் வகைக்கெழுவில் 261-இலும் 268-இலும் ஆழமான பள்ளங்கள் வரும். நடுவே ஒரு குட்டிப் பள்ளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்லிட் அகலம் அதை அழித்துவிட்டது, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இந்த முறைக்கு உண்மையான வேலை இருக்குமிடம் வேறு. கலங்கிய சீரம், சிறுநீர் போன்றவற்றில் ஒளிச்சிதறல் அகன்ற பின்னணியாக வரும். இரண்டாம் வகைக்கெழு அதைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். பாராகுவாட் நஞ்சு 257-ஐ ஒட்டி உறிஞ்சுவதை அப்படித்தான் பின்னணியிலிருந்து பிரித்தார்கள். புரதத்தில் ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதும் இதே வழியில்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விடமாட்டேன்: கரைப்பான். மேலே சொன்ன 243 தண்ணீருக்கும் அமிலத்துக்கும்தான். சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் பாராசிட்டமாலின் உச்சம் 257-க்கு ஓடிவிடும், ஏனெனில் அதன் ஃபீனால் தொகுதி புரோட்டானை இழக்கிறது. கஃபீன் அசையாது. 14 நானோமீட்டர் நகர்ந்தபின் பழைய சுழிப்புள்ளி வெறும் பழைய எண். அரைகுறைக் காரமான பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) இன்னும் மோசம். இரண்டு வடிவமும் கலந்திருக்கும், பிஹெச் கொஞ்சம் நகர்ந்தாலே சுழிப்புள்ளியும் நகரும். ஆகவே யாரோ மெத்தனாலில் கண்டுபிடித்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள். நீங்கள் எதில் கரைக்கிறீர்களோ அதிலேயே ஸ்டாண்டர்டையும் பிளாங்கையும் (மருந்தில்லாத வெறும் கரைப்பானையும்) வைத்து, ஒவ்வொரு புதுக் கரைப்பான் புட்டிக்கும் அந்தப் புள்ளியை மறுபடி பாருங்கள். அப்புறமும் 88-க்கும் 112-க்கும் இடையே ஆடினால், ஸ்டாண்டர்டுகளின் வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.