ஜிம்மில் ஐ.ஜி.எஃப்-1 ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், போடலாமா?

வேண்டாம். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊசிக்காக சிரிஞ்சு கேட்டு வரும் தம்பிகளிடம் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

"இது ஸ்டீராய்டு இல்லை, உடம்பிலேயே சுரப்பதுதான்" என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது, அதற்கேற்பக் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பும் தசையும் வளர்வது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் அமைப்பில் இது இன்சுலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரத்தச் சர்க்கரையையும் இறக்கிவிடும்.

மருந்தாக இதற்கு மெக்காசெர்மின் என்று பெயர். 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லாரான் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஏராளமாக இருக்கும், உடம்புதான் அதற்கு மசியாது, அதனால் ஐ.ஜி.எஃப்-1 போதுமான அளவு சுரக்காது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான மருந்து இது. (மெஸ்ஸி சிறுவயதில் போட்டுக்கொண்டது வளர்ச்சி ஹார்மோன். இதுவல்ல.) அந்தக் குழந்தைகளுக்கே சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்போ பின்போதான் போடுவார்கள். குழந்தை சாப்பிட மறுத்தால் அந்த வேளை ஊசி கிடையாது, அடுத்த வேளை சேர்த்துப் போடவும் கூடாது. இங்கே நம் ஆட்கள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வெயிட் தூக்கப் போகிறார்கள்.

அதுவும் ஜிம்மில் கைமாறுவது பெரும்பாலும் எல்.ஆர்.3 என்ற மாற்று வடிவம். இயற்கையான ஐ.ஜி.எஃப்-1இன் பெரும்பகுதி ரத்தத்தில் வேறு புரதங்களோடு கட்டுண்டு கிடக்கும். எல்.ஆர்.3 அவற்றோடு அதிகம் ஒட்டாது. ஆய்வகத்தில் செல் வளர்க்கப் பயன்படும் சரக்கு இது. மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றதில்லை. குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது.

அப்புறம் அளவு. இணையத்தில் "10 யூனிட்" என்று படித்துவிட்டு வருகிறார்கள். அதை எழுதியவர் கையில் இருந்தது ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சாக இருக்கும், அதில் 10 என்றால் 0.1 மில்லி. நம் கடைகளில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் விற்கிறது. அதில் அதே 10 என்ற கோடு 0.25 மில்லி. இரண்டரை மடங்கு உள்ளே போகும். ஆரஞ்சு மூடி வாங்கினால் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. எத்தனை போடுவது என்பதற்கே மருத்துவக் கணக்கு எதுவும் இல்லை.

சரி, பலனாவது உண்டா? பொழுதுபோக்காக விளையாடும் ஆண், பெண்களுக்கு ஐ.ஜி.எஃப்-1ஐ அதன் துணைப் புரதத்தோடு 28 நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் கொஞ்சம் கூடியது, தசையும் கொழுப்பும் குறிப்பிடும்படி மாறவில்லை. நீங்கள் எதிர்பார்ப்பது தசையைத்தானே?

புற்றுநோய்ப் பயம் வெறும் வதந்தி அல்ல. ஈக்வடாரில் லாரான் குறைபாடுள்ள சுமார் 100 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவாக உள்ள அவர்களில் புற்றுநோய் ஒருவருக்குத்தான் வந்தது. ஐ.ஜி.எஃப்-1 செல்களைப் பெருகச் சொல்லும் பொருள், நல்ல செல், கெட்ட செல் பார்க்காது. புற்றுநோய் இருப்பவர்களுக்கு மெக்காசெர்மினே கொடுக்கக் கூடாது.

போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் இது ஆண்டு முழுவதும் தடை.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? திடீர் வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, தடுமாற்றம் வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் ஊசி போட்டதைச் சொல்லிவிடுங்கள், குப்பியையும் எடுத்துப் போங்கள்.