2008 பிஎம்டபிள்யூ எம்3: சத்தம் இல்லையென்றால் வாங்கலாமா?

பழைய 2008 எம்3 ஒன்றை வாங்கலாமா, எஞ்சினில் சத்தம் எதுவும் இல்லை என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடத்தில் உள்ள, தேயக்கூடிய உலோகப் பட்டை) மாற்றிய ரசீது இல்லையென்றால், விற்பவர் கேட்கும் விலைக்கு வாங்காதீர்கள். அந்த வேலைக்கான செலவைக் கழித்துக் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்தக் காரில் உள்ள எஸ்65 எஞ்சின் 8,000 ஆர்பிஎம்முக்கு மேலும் சுழலும் அருமையான 4 லிட்டர் வி8. ஆனால் பேரிங் இடைவெளி குறுகலானது, 10டபிள்யூ-60 ஆயிலோ கெட்டியானது. அதனால் எஞ்சின் சூடேறும் முன் மிதித்து ஓட்டியிருந்தால் தேய்மானம் அதிகம் இருக்கலாம்.

சத்தம் இல்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். சத்தம் கேட்கும்போது, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டே கெட்டிருக்கக்கூடும். இப்போது எஞ்சினில் உள்ள ஆயிலைக் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து பேரிங் தேய்வதால் ஆயிலில் கலக்கும் ஈயம், செம்பு அளவைப் பாருங்கள்.

ஆயிலைப் புதிதாக மாற்றியிருந்தால் இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. அப்போது ஆயில் சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றிப் பேரிங்கை நேரில் பார்ப்பதுதான் வழி. அப்புறம், த்ராட்டில் ஆக்சுவேட்டருக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வை இயக்கும் மோட்டார்) தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.