கோத்தகிரிக்குப் பணம் திரட்டுமுன்

தம்பி, கோத்தகிரியில் பழைய குடியிருப்புக்கு நடுவிலேயே, வாடகை கட்ட முடியாத முதியவர்களுக்கு எட்டு அறை கட்ட டொரண்டோவில் வசூலிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கனடா வந்த கையோடு இந்த எண்ணம் வந்ததே பெரிய சந்தோஷம். குளிர் கோட்டு, பஸ் பாஸ் எல்லாம் போகப் போகப் பழகிவிடும். பணத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பாஸ்போர்ட் வாரியாகப் பிரியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர், பிஆர் (கனடாவின் நிரந்தர வசிப்புரிமை) வாங்கியிருந்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறி ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் கொடுத்தால் ஆகும். அதை வாங்க டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ (இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும்: தொடங்கி 3 வருஷம் ஆகியிருக்கணும், அந்த 3 வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கணும். புது டிரஸ்ட் என்றால், கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு முன் அனுமதி கேட்கலாம். எப்படியானாலும் வெளிநாட்டு நன்கொடை முதலில் எஸ்பிஐயின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்கணும். பதிவுள்ள வேறொரு டிரஸ்ட் வாங்கி நமக்கு மாற்றித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்காரர் பணத்தையும் வெளிநாட்டு நன்கொடையையும் ஒரே கணக்கில் கலந்தால் கட்டடம் பாதியில் நிற்கும்.

அடுத்தது மாதச் செலவு. ஊரில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். ஒன்டாரியோ மானிய வீடுகளைப் போல வருமானத்தில் 30 சதவீதம் வாடகை என்றால் அறைக்கு 360, எட்டுக்கும் சேர்த்து 2,880. வாட்ச்மேன் சம்பளத்துக்கே காணாது. கல்வெட்டில் பெயர் வரும் என்றால் இங்கே நம்மவர்கள் ஆயிரம் டாலர் தருவார்கள்; தண்ணீர் மோட்டார் எரிந்தால் ஐம்பது டாலர் தர ஆள் இருக்காது. எனக்கு இதில் தீராத வருத்தம். மாதச் சந்தா எழுதி வாங்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

உண்மையில் தோண்டவே வேண்டாம் என்பேன். மலையில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள், சரிவு நிலத்துக்குத் தனித்தனித் தடையில்லாச் சான்று, ஜேசிபி இறக்கக்கூட அனுமதி. சாலை மட்டத்தில் இருக்கும் பழைய வீடுகளைக் குத்தகைக்கு எடுத்துச் சீர்செய்வதே மேல். படி உயரம் 15 செ.மீ. தாண்டக்கூடாது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும், அதனால் இருபுறமும் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடி. மேற்கத்தியக் கழிவறை கட்டாயம். குத்தகை பத்து வருஷத்துக்குக் குறையாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால், சீர்செய்து முடித்த மறுவருஷமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார்.