மூன்றாவது தடவையும் அதே மரம்: காட்டுக் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக சிங்கப்பூரின் மெக்ரிட்சி, புக்கித் தீமா காடுகள், அக்கரையில் மலேசியாவின் ஜோகூர் மலைகள் என்று சுற்றுகிறேன். வாரக் கடைசியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. காட்டில் தொலைந்தவர்கள், காட்டில் கண்ட விசித்திரங்கள் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஈசூனிலிருந்து ஒரு தங்கை: அண்ணே, ராத்திரி மண்டாய் பக்கம் நடக்கும்போது குப்பென்று பாண்டான் இலை வாசனை. போந்தியானாக் என்கிற பெண் பேய்தான் என்று தோழி ஓடியே விட்டாள். நிஜமா?

வாசனை நிஜம், போந்தியானாக் இல்லை. அது மரநாய், தங்கச்சி. நம்மூர் மரநாயின் சுரப்பியிலிருந்து வருவது அச்சு அசல் பாண்டான் வாசனைதான். சிக்லாப்பில் வீட்டுக் கூரைகளிலேயே குடியிருக்கிறது. அடுத்த முறை ஓடாமல் கிளைப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டு கண்கள் மின்னும். இருட்டில் 'டொக், டொக்' என்று மரத்தைத் தட்டுவதுபோல் கேட்டால் அதுவும் பேயில்லை, பக்கிக் குருவி. அந்தக் காலத்தில் அடுத்து எத்தனை முறை தட்டும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள்!

தெக்கோங் ராணுவப் பயிற்சித் தீவில், இறந்துபோன ரெக்ரூட்டின் ஆவி வெளியேற ஒரு பங்கில் (படுக்கை அறையில்) 'மூன்றாவது கதவு' வைத்தார்கள் என்ற கதை உண்மையா?

பங்க் கதவுகளை எண்ணிப் பார்க்காத ரெக்ரூட் உண்டா? நானும் எண்ணினேன். அவ்வளவுதான்.

புக்கித் தீமா காட்டில் திரிவதாகச் சொல்லும் குரங்கு மனிதன் உண்மையா?

163 மீட்டர் குன்று, அடிவாரம் முழுக்க காண்டோ அடுக்குமாடிகள், ஒரு பக்கம் விரைவுச்சாலை. ஞாயிற்றுக்கிழமை ஏறுகிற அத்தனை பேர் கையிலும் கேமரா. இன்னும் ஒரு நல்ல படம் வரவில்லை. மங்கல் வெளிச்சத்தில் நீள்வால் குரங்கு பின்னங்காலில் எழுந்து நின்றால் எனக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போடும். நிஜமான விசித்திரம் வேண்டுமானால், 2023 ஜூலையில் பொங்கோலில் சைக்கிள் ஓட்டியவர் எதிரே ஒரு டேப்பிர் (பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் உள்ள காட்டு விலங்கு) வந்து நின்றதே, அதைச் சொல்வேன். ஜோகூரிலிருந்து நீரிணையை நீந்திக் கடந்திருக்க வேண்டும்.

ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம், ஓராங் புனியான் (கண்ணுக்குத் தெரியாத காட்டு ஆவிகள்) வழியை மறைத்துவிட்டது என்றார் மலாய் நண்பர். உங்களுக்கு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஜோகூரில் கூனோங் பூலாய் மலையில் குறுக்கு வழி என்று நினைத்துப் பாதையை விட்டு இறங்கினேன். மேகம் மூடியிருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு சாய்ந்த மரம், பக்கத்தில் பிரம்புப் புதர். முள்ளைப் பிடுங்கிவிட்டு நடந்தேன். மறுபடி ஒரு சாய்ந்த மரம். அதே மாதிரி இன்னொன்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை பார்த்தால், பிரம்பு முள்ளில் நீலத் துணி ஒன்று தொங்குகிறது. என் கழுத்துத் துண்டின் ஓரம்! வயிறு கலங்கியது என்றால் மிகையில்லை. அந்த நேரத்தில் யாராவது புனியான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

என் பாட்டியாக இருந்தால், வழி மறக்கச் செய்யும் மூலிகையான 'மதிமயக்கியை மிதித்திருப்பாய்' என்றிருப்பார். சதுரகிரி போய்வந்தவர்கள் மதிமயக்கி வனம் என்பார்களே, அதேதான். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழக ஆய்வாளர்கள், வழி தெரியாதவர்கள் வட்டமடிப்பது உண்மையா என்று சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஆட்களைக் காட்டில் விட்டு நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தங்கள் தடத்தையே தாண்டியும் அது அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் வட்டம் 20 மீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. காலில் கோளாறு இல்லை. வெளியில் அடையாளம் எதுவும் கிடைக்காதபோது, நேர் எது என்ற மூளையின் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குகிறது.

இத்தனூண்டு சிங்கப்பூரில் ஆள் காணாமல் போகக் காடு எங்கே இருக்கிறது?

இன்று குறைவு. 1800களில் நிறைய இருந்தது. கம்பீர் (தோல் பதனிடச் சாறு தரும் செடி), மிளகுத் தோட்டங்களில் வேலைக்குப் போனவர்கள் திரும்பாமல் போனதற்குப் புலியும் ஒரு காரணம். கூலியாட்கள் ஓடிவிடுவார்கள் என்று சில முதலாளிகள் சாவை வெளியே சொல்லவும் இல்லை. 1835 வாக்கில் அரசாங்கப் பொதுப்பணிக் கண்காணிப்பாளர் கோல்மன் சாலை அளக்கும்போது புலி பாய்ந்து அளவைக் கருவியைக் கவிழ்த்த சம்பவத்தை ஓவியமாகவே வரைந்திருக்கிறார்கள். அவரோடு இருந்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நம் ஆட்கள் என்பதால் அந்தப் படத்தில் நான் முதலில் பார்ப்பது அவர்களைத்தான். கடைசிக் காட்டுப் புலியைச் சுட்டது 1930இல், சுவா சூ காங்கில்.

ஜிம் தாம்சன் என்ன ஆனார்?

தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பெயர் எடுத்த அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார். சிகரெட் அறையிலேயே இருந்தது. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி பழங்குடிகள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடியும் ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை. முன்னாள் உளவாளி என்பதால் கடத்தல் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கென்னவோ, அங்குள்ள சரிவுகளில் இறங்கிப் பார்த்தவர்கள் உளவாளியைத் தேட மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. இலைச்சருகு மூடிய பள்ளம் இரண்டடி தள்ளியிருந்தாலும் தெரியாது.

உட்லண்ட்ஸ் அம்மா ஒருவர்: மகன் அடுத்த மாதம் ஜோகூர் மலைக்குப் போகிறான். பயமாக இருக்கிறது. என்ன கொடுத்தனுப்ப?

தண்ணீரும், டார்ச்சும், ஒரு விசிலும், அக்கா. எந்தப் பாதையில் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழி தவறிவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தேடுபவர்களுக்கு அது பெரிய உதவி. சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசி சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் வைத்து, மேடு கண்டபோது மட்டும் திறக்கச் சொல்லுங்கள். ஏழு மணிக்குத்தான் இருட்டும் என்று நினைக்க வேண்டாம், மரங்களுக்கடியில் ஆறரைக்கே இருட்டிவிடும்.

காட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பலாமா?

மலாய்ப் பெரியவர்கள் காட்டில் பெயரே சொல்லாதே என்பார்கள். நம் பாட்டிகள் மூன்றாம் முறைக்குத்தான் பதில் சொல்லச் சொல்வார்கள். என் குழுவிலும் பெயர் சொல்லிக் கூப்பிட அனுமதி இல்லை. அடர்ந்த காட்டில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது, கேட்டவர் தப்பான பக்கம் நடந்துவிடுவார். மூன்று முறை விசில் ஊதினால் போதும். தைப்பூசத்தன்று பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் விசிலாக இருந்தாலும் பரவாயில்லை.