பெட்டி ஒரு வீட்டில், சாவி ஒரு வீட்டில்

அன்புள்ள அண்ணாச்சி,

சென்ற வாரக் கட்டுரையில் வங்கியாளர் ரஞ்சனா குமார் பெயரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். போன இடமெல்லாம் பொதுத்துறை வங்கியின் தலைமைக்கு வந்த ‘முதல் பெண்’ என்ற ஒரு வரிதான். என் தங்கை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் அதிகாரித் தேர்வில் தேறியிருக்கிறாள். வடக்கே எங்காவது போட்டுவிட்டால் என்ன செய்வது, உள்ளூர் வங்கியிலேயே ஒரு வேலை போதும் என்கிறார் அப்பா. அவ்வளவு தூரம் போய் அவள் என்ன சாதிக்கப்போகிறாள்? எல்லோரும் ரஞ்சனா குமார் ஆகிவிட முடியுமா?

க., கோவில்பட்டி

அன்புள்ள க.,

தங்கைக்கு என் வாழ்த்து. அவள் என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அப்பாவுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. அவர் கவலை அவருக்கு.

அந்த ‘முதல் பெண்’ பட்டம் எனக்கும் உறுத்துகிறது. மாலையைப் போட்டு ஓரமாக உட்காரவைத்துவிடுகிற பட்டம் அது. 1966இல் பாங்க் ஆஃப் இந்தியாவில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த ரஞ்சனா குமார், 2000இல் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1995-96இல் மட்டும் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டிய வங்கி. அந்த நாற்காலிக்கு அடிதடி நடந்திருக்காது. விருப்ப ஓய்வு, கிளை இணைப்பு, வாராக் கடன் வசூல் என்று ஊழியர்களின் முகச்சுளிப்பைச் சம்பாதிக்கும் வேலைகள்தான் காத்திருந்தன. அரசும் முதலீடு போட்டது, அதை மறைக்க வேண்டாம். 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. நபார்டுத் தலைவர் பதவி அதற்குப் பிறகு வந்தது.

‘என்ன சாதிக்கப்போகிறாள்’ என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நபார்டில் பணம் கட்டும் கவுண்டர் கிடையாது. விவசாயிக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவு வங்கிக்கும் கிராம வங்கிக்கும் அது மறுநிதி, அதாவது அந்தக் கடனுக்கான பணம், கொடுக்கிறது. கண்ணில் படாத வேலை என்றால் வேலையே இல்லையா?

என் பெரியம்மா எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு ஊக்குநர். பதினேழு பெண்கள், வாரம் ஆளுக்கு இருபது ரூபாய். தகரப் பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில். கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது மேலாளர் தலையை நிமிர்த்தாமலே, “வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றாராம். பெரியம்மா தீர்மானப் புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த, மூலை மடங்கிய நூறு பக்க நோட்டு. வாராவாரம் பதினேழு பேரின் கையெழுத்தும் கைநாட்டும். “இதில் அவர் பெயர் எங்கேயும் இல்லை, சார்” என்றார்.

நான்கு நாளில் கடன் வந்தது. ஈடு இல்லை, ஜாமீன் இல்லை. பெரியம்மாவின் சாமர்த்தியம் என்று ஊரே மெச்சியது; அவரும் சாகும்வரை அப்படித்தான் நம்பினார். குழுவின் சேமிப்பையும் கணக்கையும் பார்த்து, ஈடு கேட்காமல், சேமிப்பைப்போல நான்கு மடங்குவரை கடன் கொடுக்கலாம் என்று 1992இல் நபார்டு ஐந்நூறு குழுக்களோடு ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அந்த விதி மேலாளரின் அலமாரியில் ஏற்கெனவே இருந்தது. அதை எழுதிய அதிகாரிகளில் ஒருவர் பெயரும் பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ரஞ்சனா குமார் அங்கே போய்ச் சேர்வதற்குப் பல வருடம் முந்தைய கதை இது.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரியம்மா தன் பெயரை மூன்று முறை எழுதிப் பழகியிருக்கிறார்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது. அடுத்த கடிதத்தைத் தங்கையையே எழுதச் சொல்லுங்கள்.