ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு எத்தனை பிட் வேண்டும்?

இசைச் செயலியில் லாஸ்லெஸ் சந்தாவுக்கு மாறினால் வித்தியாசம் தெரியுமா?
- வாசகர், கும்பகோணம்

சி.டி.யில் இருக்கும் இசையின் அளவு நொடிக்கு 1,411 கிலோபிட். லாஸ்லெஸ், அதாவது இழப்பில்லாத முறைகளில் ஒன்றான ஃப்ளாக், அதில் எதையும் வெட்டாமல், ஏறக்குறைய பாதியாகச் சுருக்கித் தருகிறது. வழக்கமான 320 கிலோபிட் சந்தாவில் வருவது, காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதிகளை நீக்கிய ஒலி. அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. குரலிசையில் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். நீங்கள் மருதாநல்லூர் பக்கம் பஜனை கேட்டு வளர்ந்தவராக இருந்தால், ஜால்ராவைக் கவனியுங்கள். சுருக்கிய ஒலி தடுமாறுவது அங்கேதான்.

வீட்டில் ஒருவரை, எது எதென்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒலியளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். பிரித்தறிய முடியாவிட்டால் அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கு வையுங்கள். ஒலித் தரத்தை அதிகம் மாற்றுவது ஸ்பீக்கர்தான்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய பதிவுகளுக்காகவே 24-பிட், 192 கிலோஹெர்ட்ஸ் சந்தா எடுக்க நினைக்கிறேன்.
- வாசகர், மயிலாடுதுறை

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளப்பது; 24-பிட் என்பது ஒவ்வோர் அளவின் நுணுக்கம். அந்த நாதஸ்வர மேதை 1956இல் மறைந்தார். அவர் வாசித்த புகழ்பெற்ற தோடி ராகம், பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமே கொண்ட 78 சுற்று இசைத்தட்டில் வந்தது. அந்தத் தட்டு பிடித்துவைத்த ஒலி முழுவதும் சி.டி. தரத்துக்குள் தாராளமாக அடங்கிவிடும். சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு இடமிருக்கிறது. மனிதக் காதின் எல்லை சுமார் 20.

பழைய பதிவுக்கு முக்கியம், தட்டிலிருந்து எடுத்தவரின் கைப்பக்குவம். இரைச்சலை நீக்குகிறேன் என்று சீவாளியின் கூர்மையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு இது தாங்காது. கரகரப்போடு இருந்தாலும் நாதம் முழுதாக உள்ள பிரதியையே தேர்ந்தெடுங்கள். ஒரே பதிவு இரண்டு மூன்று தொகுப்புகளில் கிடைத்தால், ஒவ்வொன்றிலும் முதல் நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

தினம் 1.5 ஜிபி டேட்டா போதுமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

சி.டி. தர ஃப்ளாக் மணிக்கு 300 எம்பி அளவில் செலவாகும், போதும். 192 கிலோஹெர்ட்ஸ் அதைப் போலப் பல மடங்கு விழுங்கும். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர் என்றால், பிராட்பேண்ட் உள்ள இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத் ஹெட்போன் போதாதா?
- வாசகர், மன்னார்குடி

இசையை மகிழ்ந்து கேட்கப் போதும். லாஸ்லெஸ் கேட்க, சாதாரண புளூடூத் போதாது. அது ஒலியை மீண்டும் சுருக்கித்தான் அனுப்பும். எல்டிஏசி என்ற உயர்தர புளூடூத் முறை கூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான். கம்பி ஹெட்போனும் டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றித் தரும் ஒரு சிறிய யுஎஸ்பி டாக்கும் வாங்குங்கள்.

கடைசியில் எந்தச் செயலிதான் எடுப்பது? கச்சேரிகள்தான் அதிகம் கேட்பேன்.
- வாசகர், தஞ்சாவூர்

ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றி 24-பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025இல்தான் லாஸ்லெஸுக்கு வந்தது; 24-பிட், 44.1 வரை. யூடியூப் மியூசிக் 256 கிலோபிட்டோடு நின்றுவிடுகிறது, ஆனால் ரசிகர்கள் ஏற்றிய பழைய சபா கச்சேரிகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. தரம் குறைவு என்று அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. கச்சேரி ரசிகருக்கு முதல் தகுதி, தேடும் கச்சேரி அங்கே இருப்பது.

எனவே இலவச சோதனைக் காலத்தில், உங்களுக்கு உயிரான பதிவுகளின் பட்டியலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ராகம், தானம், பல்லவி தனித்தனிக் கோப்புகளாக இருந்தால், இடையில் மௌனம் விழாமல் தொடர்கிறதா என்றும் பாருங்கள். அமைப்புகளில் கிராஸ்ஃபேட் இருந்தால் அணைத்துவிடுங்கள். தானம் முடியும் முன்பே பல்லவியை அதன்மேல் ஏற்றிவிடும்.