அலாய் வீல் போட்ட அம்பாசடருக்கு எந்த ஸ்டெப்னி?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். அப்பாவின் 1978 அம்பாசடரைப் புதுப்பித்து, முன்பக்கம் டிஸ்க் பிரேக், நான்கு 15 அங்குல அலாய் வீல், 205/65 ஆர்15 டியூப்லெஸ் டயர் போட்டாயிற்று. டிக்கியில் கிடப்பது மட்டும் பழைய ஸ்டெப்னி: இரும்பு ரிம்மில் 5.90-15 நைலான் டயர். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். இது போதுமா? புதுக் கார்களில் வரும் ஒல்லி ஸ்டெப்னியை வாங்கலாமா? ஸ்டெப்னியே தேவையில்லை என்று சட்டம் வந்துவிட்டதாமே?

பதில்: போதாது. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, அந்த ஸ்டெப்னியை முன்சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள். அது டிரம் பிரேக்குக்காகச் செய்த ரிம். உள்ளே கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பகுதி) வரும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. கேலிப்பரில் இடித்து, ஹப்பில் உட்காரவே மறுத்தாலும் வியப்பில்லை. உட்கார்ந்தால் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். எங்கும் உரசக்கூடாது. கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

அடுத்தது நட். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். அலாய் வீலின் நடுப்பகுதி தடிமனானது. அதற்கென்று நீளமான போல்ட் மாற்றி, பளபளவென்று தலை மூடிய நட் போட்டிருப்பார்கள். இரும்பு ரிம்மோ வெறும் தகடு. அதே நட்டை அதில் முடுக்கினால், போல்ட்டின் நுனி நட்டின் மூடியில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனர் நகராது, "நல்லா டைட் ஆயிடுச்சு" என்று நாமும் கிளம்பிவிடுவோம். ரிம் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது பஞ்சர். ஸ்டெப்னி மாற்றி, டக் டக் என்ற சத்தத்தோடு அடிவாரம் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கழற்றிப் பார்த்தால் ரிம்மின் ஐந்து ஓட்டையும் முட்டை வடிவத்தில் இருந்தன.

நட்டின் அடிமுகத்தையும் பாருங்கள். கூம்பாக இருக்கிறதா, வாஷர் வைத்துத் தட்டையாக இருக்கிறதா? ரிம் ஓட்டையின் வடிவம் எதுவோ அதற்கேற்ற நட்தான் போட வேண்டும். புரி பிடிக்கும் ஆழம் போல்ட்டின் தடிமன் அளவுக்காவது இருக்க வேண்டும். ஸ்டெப்னிக்குத் தனி நட் தேவைப்பட்டால் ஐந்தையும் ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியோடே வையுங்கள்.

"முன்சக்கரம் பஞ்சரானால் பின்னாலிருக்கும் அலாயை முன்னே மாட்டி, பழைய ஸ்டெப்னியைப் பின்னால் போட்டுக்கொள்கிறேன்" என்று சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். கேலிப்பர் பிரச்சினை அதில் தீரும். ஆனால் முன்னால் ரேடியல் (உங்கள் புது டயரின் 'ஆர்' அதுதான்), பின்னால் பழைய நைலான் என்பது இருப்பதிலேயே மோசமான கலப்பு. ஈரமான வளைவில் வண்டியின் பின்பக்கம் சட்டென்று வழுக்கி வெளியே போகும். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் அந்தச் சோதனை வேண்டாம். தவிர, இரண்டு டயரின் சுற்றளவும் வேறு வேறு என்றால் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடேறும். உங்கள் 205/65இன் விட்டம் சுமார் 647 மி.மீ. இரண்டையும் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சரி, பழைய ரிம்மிலேயே 205 டயரை ஏற்றலாமா? முடியாது. அந்த டயருக்கு ஐந்தரை அங்குல அகல ரிம்மாவது வேண்டும்; பழையது அதைவிட ஒடுக்கம்.

ஆக, வாங்க வேண்டியது ஐந்தாவது சக்கரம், அதே அளவு டயரோடு. அதே டிசைன் அலாய் கிடைக்காவிட்டால் கவலையில்லை, டிக்கிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? பிசிடி (போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை, ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) மூன்றும் ஒத்துப்போகும் இரும்பு ரிம்மே போதும், விலையும் குறைவு. ஐந்து ஓட்டை ரிம்மில் பிசிடியை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் பிசிடி 114.3. 65.8 வந்தால் 112. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதனால் பழைய சாமான் கடையில் கண்ணளவு போடாமல் வெர்னியர் அளவுகோல் கொண்டு போங்கள். பழைய டயரின் அகலம் 5.90 அங்குலம், அதாவது 150 மி.மீ.; புதியது 205. இந்தக் கூடுதல் அகலத்துக்கு டிக்கியில் இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே அளந்துவிடுங்கள். கேஸ் டாங்க் வைத்த வண்டி என்றால் இதுதான் பெரிய தலைவலி.

ஒல்லி ஸ்டெப்னி சமவெளியில் பஞ்சர் கடை வரை போகத்தான். வேகம் 80 கி.மீ.க்கு மேல் கூடாது, காற்று 60 பிஎஸ்ஐ. நான்கு பேரோடு மலை இறங்கும்போது பிரேக்கின் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்தில் விழும்; அங்கே அந்த ஒல்லி டயரை நான் மாட்ட மாட்டேன். (வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் உருவானதும் ஒரு தற்காலிக வளையம்தான். பஞ்சரான சக்கரத்தின்மேல் கவ்விக்கொள்ளும். அந்தத் தெருப் பெயர்தான் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.)

சட்டம்: 2020இல் வந்த திருத்தம், டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் உள்ள கார்களுக்குத்தான் விலக்கு அளிக்கிறது. கிட் ஆணிக்கு உதவும். கல்லில் உரசி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் உதவாது.

வாசலில் மாட்டிப் பார்க்கும்போது பட்டறை ஸ்பேனரைக் கடன் வாங்காதீர்கள். டிக்கியில் இருக்கும் ஸ்பேனராலேயே கழற்றுங்கள். அலாயின் குறுகிய நட் குழிக்குள் பழைய ஸ்பேனரின் தடித்த வாய் நுழையாமல் போவது அப்போதுதான் தெரியும்.